மயிலுக்கு அடியில் இன்னொரு மயில்

சரசுவின் வலது கண் உன்னால் போனது. பலகை வெட்டும் மெஷினில் ஏதோ கோளாறு என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லச் சொல்லக் கேட்காமல், பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல், அவளாகவே ஓட்டினாள் என்று நீ போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாய். அந்தத் தாளில் உன் கையெழுத்துக்குக் கீழே, சாட்சி என்று போட்டு, என் கையெழுத்து இருக்கிறது. அப்பா சொல்வதும் பொய், நாம் எழுதியதும் பொய். வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். ஒன்பது நாளாக உனக்குப் போன் செய்கிறேன். "கல்யாணம் முடியட்டும்மா" என்று ஒரே ஒரு முறை எழுதினாய், அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. சரசுவிடம் மட்டும் கேட்டேன், உன் பெயரை எழுதலாமா என்று. "எழுதுங்கக்கா. கெட்டுப்போனது எம்பேருதானுங்களே. எழுதுனாலாச்சும் திரும்புதான்னு பாக்கலாம்" என்றாள்.

அவளை உனக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்று நினைப்பாய். தேவை இருக்கிறது. பெருந்துறையில் நான் டிடிபி கடை வைத்திருந்தபோது அவள் வேலைக்கு வந்தாள். உனக்கு அப்போது பதினைந்து வயது, அவளுக்கு இருபத்து நாலு. ஒரு குழந்தை பிறந்து இறந்திருந்தது, வீட்டில் உட்கார முடியாமல் வேலை தேடி வந்தவள். முதல் நாள் என்னை அம்மா என்றாள். அக்கா என்று கூப்பிடு என்றேன். அப்படிச் சொன்னதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதே வாரத்தில் அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, 'ச' என்று எழுத்து வெட்டி, கடைக்குள் ஆணியில் மாட்டினேன். பார்ப்பவர்களுக்கு அது பிரியம் போல இருந்தது. அது எதற்கென்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பன்னிரண்டு வருடம் அவள் அந்த டம்ளரில்தான் குடித்தாள். நம் ஊரில் நாய்க்குட்டியைத் துரத்தினால்கூட 'போங்க' என்போம் என்று நீ உன் பீளமேட்டு ஆபீஸ் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வாய். உன்னைவிட ஒன்பது வயது மூத்தவளை "சரசு, தண்ணி கொண்டா" என்றுதான் நீ கூப்பிட்டாய். நான் திருத்தவில்லை.

ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடி உடைந்தது நினைவிருக்கிறதா? பதினோராம் வகுப்பு லீவில் கடைக்கு வந்தவன், யாரும் இல்லாத நேரத்தில் உன் முகத்தையே ஜெராக்ஸ் எடுத்துப் பார்க்கிறேன் என்று கண்ணாடி மேல் சாய்ந்திருக்கிறாய். நான் வங்கிக்குப் போய்விட்டு வந்தபோது கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுக் கிடந்தது. நீ வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சரசு, "நாந்தானுங்கக்கா, கனமான புஸ்தகத்தைக் கைதவறிப் போட்டுப்போட்டேன்" என்றாள். வெளியே வந்து விழுந்திருந்த தாளில் உன் கன்னமும் பாதி மூக்கும் கறுப்பாக இருந்தன. அதை நான் எடுத்துப் பார்த்தேன், மடித்துக் குப்பையில் போட்டேன், பிறகு வாடிக்கையாளர்கள் முன்னால் அவளைத் திட்டினேன். உன்னைத் திட்டுவதைவிட அவளைத் திட்டுவது சுலபமாக இருந்தது. அன்றைக்கு நீ ஒன்றைக் கற்றுக்கொண்டாய். கற்றுக் கொடுத்தது நான்.

நீ வேலைக்குப் போன இரண்டாம் வருடம் அந்தச் சின்ன சிஎன்சி மெஷினை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்தாய். ஒரு மேசை அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் இருக்கும் கோட்டின் மேலேயே போய்ப் பலகையை வெட்டும். வாரக்கடைசிக்கு வந்தால் அதோடுதான் இருப்பாய். ஊரில் யாராவது பெயர்ப்பலகை கேட்க, இன்னொருவர் பூஜை அறைக் கதவுக்குப் பூவேலை கேட்க, நீ இல்லாத நாளில் ஓட்ட ஆள் வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நீதான் சொல்லிக் கொடுத்தாய். நன்றாகவே சொல்லிக் கொடுத்தாய். அதையும் எழுதத்தான் வேண்டும். கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துப் பழகிய கை என்பதால் எங்களுக்குக் கோடு புதிதில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் வரைபடத்தை நம்பக் கூடாது என்பது புதிது. முதன்முதலில் ஓர் இன்ஜினியர் வீட்டுப் பெயர்ப்பலகைக்குப் படம் அனுப்பினார். அவர் இஞ்சில் வரைந்திருக்கிறார், நம் சாஃப்ட்வேர் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு இஞ்சுப் பலகை, கட்டை விரல் நகத்தளவு வந்து விழுந்தது. சரசு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது எறும்பு ஊட்டு வாசல்ல மாட்டறதுக்குங்களா?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அப்போது அவளுக்கு இரண்டு கண்ணும் இருந்தன.

அன்றிலிருந்து அவள் ஒரு நோட்டுப் போட்டாள். நீ சொன்னதை எல்லாம் அவள் கையெழுத்தில் எழுதி, ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டினாள். படம் வந்ததும் தெரிந்த ஓர் அளவை முதலில் அளந்து பார்க்க வேண்டும். அளவுக் குறிப்பு, எழுத்து, அம்புக்குறி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் அதையும் வெட்டும். கோட்டின் முனைகள் சேராமல் இருந்தால் சேர்க்க வேண்டும். படத்தில் லேயர் லேயராக இருக்கும். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல. அதில் எதையாவது வரைந்தவர் மறைத்து வைத்திருந்தால், திரையில் தெரியாது, மெஷினுக்குப் போகும்போது அதுவும் சேர்ந்து போகும். "மறைச்சாப் பத்தாது, அழிக்கணும்" என்று நீ சொன்னதை அவள் சிவப்பு மையில் எழுதினாள். கடைசியாக, ஒரு கோட்டைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும். அடியில் அதே கோடு இன்னொன்று இருந்தால், ஒன்றை அழிக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மெஷின் ஒரே இடத்தில் இரண்டு தடவை போகும். முதல் தடவை வெட்டும்போது துண்டு பெயர்ந்துவிடாமல் இருக்க அங்கங்கே சிறிது வெட்டாமல் விடுவோம், நாம் அதைப் பாலம் என்போம். இரண்டாவது தடவை போகும்போது அந்தப் பாலமும் அறுந்து, துண்டு அவிழ்ந்து, சுற்றி வெட்டுகிற முனையோடு, அதாவது பிட்டோடு, மாட்டிக்கொள்ளும். அப்புறம் எது எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதெல்லாம் உன் வாயால் வந்த பாடம். நானும் பல நாள் அவசரத்தில் ஒன்றிரண்டைத் தாண்டிவிடுவேன். சரசு ஒன்றையும் தாண்டியதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் விரலால் அந்தத் தாளைத் தொட்டுத் தொட்டுச் செய்வாள்.

உன் கல்யாணம் கூடிவந்தது. பத்திரிகையை வடிவமைத்தது அவள். மாமன்மார் பெயரில் யார் முதல் வரி, யார் இரண்டாம் வரி என்று அப்பா பதினோரு தடவை மாற்றினார், பதினோரு தடவையும் முகம் சுளிக்காமல் மாற்றினாள். "ஏனுங்கக்கா, பேசாம எல்லாத்தையும் வட்டமா போட்டுறலாமுங்களா, ஆரு முன்னே ஆரு பின்னேன்னு தெரியாது" என்றாள். மற்றவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள் வைத்து வீடு வீடாகப் போய் அழைத்தோம். அவளுக்கு, அவள் அடுக்கிக் கட்டிய பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, கையில் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தாள். மேடையில் உங்கள் இருவர் பெயருக்கும் இரண்டு பக்கமும் மயில் நிற்கிற பலகை வைக்க வேண்டும் என்று பெண் வீட்டில் ஆசைப்பட்டார்கள். படம் அவர்கள் பக்கத்து ஆள் வரைந்து அனுப்பியது. முதலில் ஒரு மயில் அனுப்பினார்கள். பிறகு தோகையில் நுணுக்கம் போதவில்லை என்று வேறொரு மயில். நீ பழையதன் மேல் புதியதை வைத்து, பழையதை மறைத்து, நம் கொட்டகைக்கு அனுப்பினாய். மறைத்தாய். அழிக்கவில்லை. உடம்பின் வெளிக்கோடு இரண்டு மயிலுக்கும் ஒன்றேதான்.

அன்று நானும் அப்பாவும் கோபிசெட்டிபாளையத்துக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தோம். நீ பகல் பன்னிரண்டு மணிக்குப் படத்தை அனுப்பினாய். சரசு அதைத் திறந்து, அளவு பார்த்து, எழுத்தை எடுத்து, பாலங்களை ஒவ்வொன்றாகக் கையால் வைத்தாள். லேயரையும் இரட்டைக் கோட்டையும் பார்ப்பதுதான் மிச்சம். வேலை முடிய ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகும் என்று திரை காட்டியது. அந்த அளவுப் பலகைக்கு இருபத்தாறு நிமிடம் ஆகும் என்பது அவளுக்கு மனப்பாடம். சரியாக இரண்டு மடங்கு. ஏதோ இரட்டையாக இருக்கிறது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. உனக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. குரல் பதிவாகப் பேசி அனுப்பினாள்: "தம்பி, நேரம் ரெண்டு மடங்கு காட்டுதுங்க. ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா சுத்தமாப் பாத்துப்போட்டு ஓட்டறேனுங்க." நீ பதில் பேசி அனுப்பினாய். பதினெட்டு வினாடி. நான் அதை ஆஸ்பத்திரியில் கேட்டேன், ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "நான் சுத்தம் பண்ணித்தான் அனுப்பியிருக்கேன் சரசு. எனக்கே சொல்லித் தர்றியா? டிசைன் பெருசு, நேரம் ஆகத்தான் செய்யும். நாலு மணிக்கு அவங்க வந்து எடுத்துக்குவாங்க. பேசாம ஓட்டு."

அவள் ஓட்டினாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் ஓட்டியிருப்பாள். மெஷின் ஒரு சுற்று முடித்து, இரண்டாவது சுற்றுக்கு அதே தடத்தில் இறங்கியது. அவள் வைத்த பாலங்கள் மேல் கோட்டில் இருந்தன, அடிக்கோட்டில் இல்லை. துண்டு ஆடத் தொடங்கியதைப் பார்த்து அவள் நிறுத்தப் போனாள். நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை நீ மெஷினுக்கு மறுபக்கம் பொருத்தியிருக்கிறாய், ஒயர் அவ்வளவுதான் எட்டியது என்று. அதை அழுத்தக் குனிந்தபோது பிட் முறிந்து ஒரு சில்லு அவள் கண்ணில் ஏறியது. கண்ணாடி போடவில்லை என்று எழுதினாயே. கொட்டகையில் இருந்தது ஒரே கண்ணாடி. தூசி அடிக்கிறது, பைக் ஓட்டுவதற்கு ஆகும் என்று தீபாவளி லீவில் நீதான் அதை எடுத்துப் போனாய். இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னேன். மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இப்போது நான் செய்ததை எழுதுகிறேன். நாங்கள் கோபியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகத்தில் பாதிக்குக் கட்டு. என்னைப் பார்த்ததும், "பலகை வீணாப் போயிருச்சுங்கக்கா" என்றாள். பிறகு போனை எடுத்து அந்த இரண்டு பேச்சையும் போட்டுக் காட்டினாள். யாரையும் குற்றம் சொல்வதற்கு அல்ல. தான் கேட்காமல் ஓட்டவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. நான் சுற்றிலும் பார்த்தேன். அவள் புருஷன் டீ வாங்கப் போயிருந்தான். "சரசு, கல்யாணம் நெருங்கிருச்சு. இது யார் காதுலயாச்சும் விழுந்தா பொண்ணூட்டுல என்ன நெனப்பாங்க? அழிச்சுரு கண்ணு. உன்னை நான் பாத்துக்கறேன்" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் அவளை நான் கண்ணு என்றது அன்றுதான். அவளுக்கு ஒரு கண்ணால் போனில் சரியாகத் தெரியவில்லை. "நீங்களே அழிச்சுருங்கக்கா" என்று என் கையில் கொடுத்தாள். நான் அழித்தேன். உன்னோடு அவள் பேசியது மொத்தத்தையும்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், மறுநாள் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். நீ வெள்ளைச் சட்டையில் வந்தாய். வழியெல்லாம் அப்பா உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். நீ எழுதினாய், நான் சாட்சி போட்டேன். வெளியே வந்ததும் நீ, "டெக்கரேஷன்காரன் வேற பலகை செய்யறானாம்மா" என்றாய். சரசு எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

பத்து நாளைக்கு முன்னால் பலகையை அப்புறப்படுத்தலாம் என்று கொட்டகைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் அந்தப் படம் அப்படியே இருந்தது. ஏனென்று தெரியவில்லை, மறைத்திருந்த லேயரைத் திறந்துவிட்டு, மயிலின் கழுத்துக் கோட்டைப் பிடித்துச் சற்று நகர்த்தினேன். அடியில் இன்னொரு கழுத்து இருந்தது. தோகையை நகர்த்தினேன், வேறொரு தோகை. அதுவரை நான் என்னிடமே, விபத்து என்றால் எப்படியும் நடக்கும் என்று சொல்லி வைத்திருந்தேன். சுவரில் அவள் ஒட்டிய தாள் எதிரில் இருந்தது. அன்று மாலைதான் சரசுவின் வீட்டுக்குப் போனேன். சிப்காட் தொழிற்பேட்டையில் பலகை வெட்டுகிற ஒரு பட்டறையில் விபத்துக்கு முன்பே அவளை ஆபரேட்டராக எடுப்பதாக இருந்தார்கள், எனக்கே தெரியாது. இனி நம் கொட்டகை வேண்டாம், உன் கல்யாணம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். ஒரு கண்ணோடும் அந்த வேலையைச் செய்ய முடியும் என்று அவர்கள் வரச் சொன்னார்களாம். பிறகு யாரோ நீ எழுதிக் கொடுத்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் மெஷினைத் தொடுகிற ஆள் எங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். அவள் புருஷன் என் எதிரிலேயே, "சொன்னா கேக்கமாட்டாளுங்க. இவளுக்கு எதுக்குங்க மிசினு? கூட்டிப் பெருக்கறதை உட்டுப்போட்டு" என்றான். மறுக்க அவளிடம் என்ன இருக்கிறது? இருந்ததை நான் அழித்துவிட்டேன். எனக்குக் காபி கொடுத்தாள். அவள் வீட்டில் நான் குடித்த முதல் காபி. எனக்கென்று தனி டம்ளர் எதுவும் அவள் வைத்திருக்கவில்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய், நான் போட்ட சாட்சி பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் நல்ல மாதிரியாகவே பேசினார். "ஏனுங்கம்மா, பையன் கல்யாணத்தைக் கைல வெச்சுக்கிட்டு இதெல்லாம் தேவைங்களா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். படத்தில் கோடு இரட்டையாக இருப்பதைக் காட்டுகிறேன் என்றேன். "அதைப் பாக்காம ஓட்டுனது அந்தம்மா தப்புன்னு ஆகுமுங்களே. ஓட்டச் சொன்னாருங்கறதுக்கு என்ன இருக்குங்க?" என்றார். பேசியதை அழித்துவிட்டேன் என்றேன். "அப்ப பையனைத்தான் வரச் சொல்லோணுமுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "பெத்த பையனைக் காட்டிக் குடுத்துப்போட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. இனி முகூர்த்தக்கால் நட ஆட்கள் வரும்போது அவர்கள் முன்னால் மட்டும் பேசுவார்.

கல்யாணம் பண்ணப் போகிறவனுக்கு ஒரு தாய் என்னென்னவோ எழுதலாம். விட்டுக்கொடுத்துப் போ, கோபத்தைக் குறை, மாமனார் வீட்டில் மரியாதையாக இரு. அதெல்லாம் உனக்குத் தெரியும். உன்னைப் போல மரியாதையாகப் பேசுகிற பையன் இல்லை என்று பெண் வீட்டில் சொன்னார்கள், நானும் கேட்டுப் பூரித்தேன். யாரிடம் மரியாதை என்று அவர்கள் கேட்கவில்லை. நாளைக்கு அந்தப் பெண் ஏதோ ஒரு காரியத்தில், கொஞ்சம் பொறுங்க, பார்த்துவிட்டுச் செய்யலாம் என்பாள். அப்போதும் எனக்கே சொல்லித் தர்றியா என்பாயா? அதைக் கேட்டுக்கொண்டு அவளும் பேசாமல் ஓட்டுவாளா? உன் தவறை வேறொருத்தி தலையில் கட்டலாம் என்று பதினாறு வயதில் உனக்குக் காட்டியது நான் என்பதால், இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். தகுதியைப் பிறகு பேசலாம்.

நான் அழித்தது சரசுவின் போனில் இருந்ததை. உன் போனில் இருப்பதை நான் தொடவில்லை. அவள் ஒரு மணி நேரம் கேட்டதும், நீ சொன்ன பதிலும் அங்கே இருக்கின்றன. பழைய மயிலைக்கூட அழிக்காமல் மறைத்து வைக்கிறவன் நீ, இதையும் அழித்திருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் சரசுவும் ஸ்டேஷன் வாசலில் நிற்போம். மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் என்று அப்பா சொல்வார், தெரியும். போனை எடுத்துக்கொண்டு வா. வர முடியாது என்றால் அந்தப் பதினெட்டு வினாடியை எனக்கு அனுப்பு. இன்று காலை ஏழு மணிக்கும் இதையே எழுதி அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி இரண்டும் வந்துவிட்டன. அதை அனுப்பு.